துருத்தி அறைப் பலகை

தேவாலயத்துக் குழல் ஆர்கனின் நூறாவது ஆண்டு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, விழாக் குழுவினர் எட்டுப் பேர் ஏணி போட்டு ஏறி, முன்வரிசைக் குழல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். மொத்தம் பத்தொன்பது குழல்கள், எல்லாம் ஆளுயரத்துக்கு மேல். கீழே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறவர்கள் அவைதான் பாடுகின்றன என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பாடாது. கட்டின நாளிலிருந்தே அவை வெறும் ஜோடனை, உள்ளே காற்று போக வழியே கிடையாது. பாடுகிற அறுநூற்றுப் பதினொரு குழல்களும் அவற்றுக்குப் பின்னால் இருட்டில், தூசியில் நிற்கின்றன. அந்தப் பக்கம் குழுவில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

காதுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார். "நல்லா இருக்கு. ஊமைக்குப் பல்லு விளக்கி விட்டிருக்கீங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்பது ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் இரண்டு பேருக்கு உறைத்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்தத் தேவாலயத்தின் ஆர்கனைப் பராமரிப்பவர் அவர். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார், ஒரு வாரம் தங்கிச் சுருதி சேர்ப்பார், நாலு பேரைத் திட்டுவார், போய்விடுவார். சுருதி பார்க்கக் கருவி எதையும் தொடமாட்டார். துருத்தியில் காற்றின் அழுத்தத்தை அளக்கக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பிடிக்கும் ஒரு சின்னச் சாமான் இருக்கிறது. அதைத் தொழில் பழகின புதிதில் வாங்கினார், பெட்டியைவிட்டு வெளியே எடுத்ததில்லை. காது இல்லாதவனுக்குத்தான் அது வேண்டும் என்பார். அதனால்தான் யாரோ காதுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் கிண்டலாகத்தான் வைத்திருப்பார். இவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஆர்கனின் பக்கவாட்டில் உள்ளே நுழைய ஒரு குறுகலான கதவு உண்டு. விட்டால் தானாக மூடிக்கொள்ளும் கதவு. அது மூடாமல் இருக்க ஒரு இரும்புக்கட்டி வாசலிலேயே கிடக்கும். வந்தவுடன் அதைக் காலால் தள்ளி முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போவது அவர் வழக்கம். அன்று காலால் துழாவினார், கட்டியைக் காணோம். பாட்டுப் புத்தகங்களை ஒரு கட்டாகக் கட்டி அந்த இடத்தில் வைத்திருந்தார்கள்.

"அது மியூசியத்துக்குப் போயிடுச்சு அத்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவருடைய மச்சான்தான். மனைவியின் தம்பி, விழாக் குழுவின் செயலாளர். ஓய்வு பெற்ற மறுநாளே ஆர்கனின் வரலாற்றை எழுத உட்கார்ந்து, நாற்பத்தெட்டுப் பக்கம் எழுதி முடித்திருந்தான். எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேரிடம் கேட்டது கொஞ்சம், சொந்தமாக அளந்தது மீதி. அச்சுக்குப் போக வேண்டிய பிரதி அவன் கக்கத்தில் இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"என்ன மியூசியம்?"

"பின் ரூம்ல பழைய பொருள் கண்காட்சி வச்சிருக்கோம். அந்தக் கட்டியைக் கழுவி, வெல்வெட் துணி மேல வச்சு, கண்ணாடிப் பெட்டி போட்டாச்சு. இந்த ஆர்கனைக் கொண்டு வந்த கப்பலோட நங்கூரத்துல உடைஞ்ச துண்டாம் அது."

"யார் சொன்னது?"

"நீங்கதான் அத்தான். போன தடவை இது என்னன்னு கேட்டேன். 'எதையாவது எழுதிக்கோ போ'ன்னீங்க. எழுதிக்கிட்டேன்."

காதுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கவர்மென்டுல முப்பது வருஷம் ஃபைல் எழுதினவன். உன்கிட்ட வேற என்ன எதிர்பார்க்க முடியும்" என்றார். மச்சானுக்கு இதெல்லாம் பழக்கம். அக்காவைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான்.

புத்தகத்தில் எழுநூறு தப்பு இருக்கும் என்பது காதுக்காரரின் கணக்கு. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் தப்பே இல்லை என்பார். அதை எழுதச் சொன்னவர் அவர். அதில் இப்படி இருந்தது: 'முன்னாள் பராமரிப்பாளர் பெரிய குழல்களின் வாயை அளவுக்கு மீறி வெட்டிவிட்டதால், ஆர்கனின் அடிக்குரல் நிரந்தரமாகக் கெட்டுப்போனது. அந்தக் கேட்டைச் சமாளித்தே இன்றுவரை இது இசைக்கப்படுகிறது.'

முன்னாள் பராமரிப்பாளரைப் பென்சில்காரர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். அவர் செத்த பிறகுதான் இவர் வந்தார். நேரில் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் வருடத்துக்கு இரண்டு தடவை அவரைத் திட்டாமல் இவருக்கு வேலை ஓடாது. "அந்த ஆளுக்குக் காது எதுக்கு இருந்துச்சு தெரியுமா? பென்சில் செருக" என்பார். இதைக் குறைந்தது நூறு தடவையாவது சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் முதலில் சிரிப்பவரும் அவர்தான். செத்துப்போனவர்களில்கூட இந்த மனுஷன் திட்டாத ஆள் இல்லை என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

பென்சில்காரரின் மகள்தான் அந்த ஆர்கனை வாசிக்கிறவள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர். அப்பாவைப் பற்றின அந்தப் பென்சில் ஜோக்கை அவளும் நூறு தடவை கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டுவாள். அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு வலிக்கவில்லை என்று காதுக்காரர் முடிவு கட்டிவிட்டார். பன்னிரண்டாம் பக்கத்தின் பிரதியை அன்று மத்தியானம்தான் அவள் படித்தாள். படித்த கையோடு மாடிப்படி ஏறி வந்தாள்.

"சார், அந்த ஒரு வரியை எடுத்துடுங்க."

"எந்த வரி?"

"எந்த வரின்னு உங்களுக்குத் தெரியும்."

"உண்மையை எப்படிம்மா எடுக்கறது? கால்கட்டையில அடிஸ்வரத்தை அமுக்குங்க. அமுக்கின பிறகு அது யோசிச்சு, மூச்சு வாங்கி, அப்புறம்தானே பேசுது? ஏன்? வாய் கிழிஞ்சு கிடக்கு. யார் கிழிச்சது?"

"வாயை அப்பாதான் வெட்டினார். இல்லைன்னு சொல்லலை. ஆனா அப்பா இருந்தவரைக்கும் அது உடனே பேசும். நான் சின்ன வயசுலேருந்து கேட்டிருக்கேன்."

"சின்ன வயசுல எல்லாம் நல்லாத்தான் கேக்கும்."

டீச்சர் கையிலிருந்த பிரதியை மடித்தாள். பிறகு சொன்னாள்: "அப்பா எது செஞ்சாலும் பென்சில்ல எழுதி வைப்பார். துருத்தி ரூம்ல ஒரு பலகை முழுக்க எழுதியிருக்கார். நீங்க வந்த வருஷமே அது மேல பிளைவுட் அடிச்சு மூடிட்டீங்க."

"கிறுக்கலா இருந்துச்சு. மூடினேன்."

"ஒரு வரியாவது படிச்சீங்களா?"

"கிறுக்கலை யாரும்மா படிப்பா?"

"இன்னைக்குப் படிங்க. வாயை ஏன் அப்படி வெட்டினார்னு கண்டிப்பா எழுதியிருப்பார். தப்பு அவர் மேலதான்னா நான் வாயே திறக்கலை. படிக்காமலே அந்த வரி அச்சாகிப் போச்சுன்னா, ஞாயிற்றுக்கிழமை விழாவுல நான் வாசிக்க மாட்டேன். அதுக்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மாட்டேன். எங்க அப்பாவைத் திட்டி அச்சடிச்ச புத்தகத்தை மடியில வச்சிருக்கிற கூட்டத்துக்கு முன்னால என்னால உக்காந்து வாசிக்க முடியாது."

மச்சானின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஆர்கனை வாசிக்கத் தெரிந்த வேறு ஆள் சுற்று வட்டாரத்தில் கிடையாது. காதுக்காரருக்கோ உள்ளூர ஒரே சந்தோஷம். செத்தவன் கையெழுத்தாலேயே செத்தவனை மடக்கலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

"சரி, திறக்கறேன்" என்றார். "உங்க அப்பா பக்கம் ஒரு துளி நியாயம் இருந்தாலும் அந்த வரியை நானே மாத்தி எழுதித் தரேன். என் பேரைப் போட்டே எழுதித் தரேன். போதுமா?"

"போதும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

துருத்தி அறை மாடிக்கு அடியில் இருக்கிறது. ஆர்கனின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் படி இறங்கி, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கட்டில் அகலத்துக்குத் துருத்தி. மோட்டார் காற்றை அதில் நிரப்பும், மேல்பலகை மெல்ல எழும். அந்தப் பலகை மேல் இரும்புக்கட்டிகள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் பாரம்தான் காற்றை அழுத்திக் குழல்களுக்கு அனுப்புகிறது. காதுக்காரர் வந்த வருடம் துருத்திக்குப் புதுத் தோல் போட்டு, மேல்பலகைக்கும் கட்டிகளுக்கும் பச்சை வர்ணம் அடித்து, கட்டிகளைப் பகடையில் ஐந்து விழுந்த மாதிரி மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக அழகாக வைத்திருந்தார். எதிர்ச் சுவரில் அவர் அடித்த பிளைவுட். அதில் சிவப்பு பெயின்டில், ஒரு சாண் உயர எழுத்தில், 'எல்லாப் பழுதும் சரி செய்யப்பட்டது' என்றும் அதற்குக் கீழே அவர் பெயரும் தேதியும்.

மச்சான் அதைப் படம் எடுத்துக்கொண்டான். காதுக்காரர் ஆணிகளைப் பிடுங்கி பிளைவுட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

உள்ளே இருந்த பலகையில் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து. மேலிருந்து கீழ்வரை, ஒவ்வொரு வரிக்கும் தேதி போட்டு, முப்பத்தொரு வருடம். காதுக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சினிமாவுக்கு உட்காருகிறவர் மாதிரி கருவிப்பெட்டி மேல் வசதியாக உட்கார்ந்தார்.

'தொடர் மழை. நாக்குக் குழல்கள் கம்மல். தொடவில்லை, வெயில் வந்தால் தானே சரியாகும்.' அது சரிதான் என்று தலை தானாக ஆடியது. உடனே நிறுத்திக்கொண்டார். 'எலி தோலைக் கடித்திருக்கிறது. உள்ளே ரொட்டித் துணுக்கு. மணியடிக்கிற கோயில் குட்டியாரிடம் மேலே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டார்.' 'மகளுக்கு அம்மை. பாதியில் போகிறேன்.' 'போன தடவை நான் வைத்த சுருதி தப்பு. காது அடைத்திருந்தது. திரும்பச் சேர்த்தேன்.'

அந்த வரியில் காதுக்காரர் கொஞ்சம் நின்றார். தன் தப்பைத் தானே எழுதி, அதற்குத் தேதியும் போட்டு வைத்திருக்கிற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை. பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததில் வழக்கமான ருசி இல்லை.

பலகையின் அடிப்பகுதியில், கட்டம் போட்டு இது இருந்தது:

'அடிக்குரல் தாமதம் தீர்ந்தது. துருத்தி மேல் கட்டி ஆறு. ஆறின் காற்றுக்கே பெரிய குழல்களின் வாயை உயர்த்தி வெட்டியிருக்கிறேன். கட்டிகளுக்கு அடியில் எண் போட்டிருக்கிறேன். பின்னால் வருகிறவருக்கு: ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். குறைத்தால் பேசாது.'

மச்சான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "கையெழுத்து எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க அத்தான். படத்துல நல்லா விழும்."

காதுக்காரர் எழுந்தார். துருத்தியைப் பார்த்தார். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. மறுபடி எண்ணினார். அதையும் நம்பாமல் விரலால் தொட்டு எண்ணினார். ஐந்துக்கு மேல் ஏறவில்லை.

அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. தோல் சுருளை உள்ளே கொண்டு வரவேண்டும். கதவு மூடிக்கொண்டே இருந்தது. கீழே கழற்றி வைத்த கட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டார். வேலை முடிந்து மிச்சக் கட்டிகளுக்கு வர்ணம் அடித்து ஏற்றியபோது அதை மறந்துவிட்டார். இருந்தது ஐந்து, வைத்தார் ஐந்தை. எத்தனை இருக்க வேண்டும் என்று எழுதியிருந்த பலகையைத்தான் கட்டியை எடுத்த அன்றைக்கே ஆணி அடித்து, தேதியும் போட்டு மூடிவிட்டாரே.

காற்று குறைந்துபோன ஆர்கனை உட்கார்ந்து கேட்டு, சுருதி இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அறுநூற்றுப் பதினொரு குழல்களையும் அந்தக் குறைக் காற்றுக்குத் தோதாகத் திருத்தினது இவருடைய பேர்போன காதுதான். அடிக்குழல்கள் பேசாததற்குப் பழியைச் செத்தவன் தலையில் போட்டதும் இவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கட்டியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே வந்து, அந்தக் கட்டி இல்லாததால் வந்த கோளாறுக்காகப் பென்சில்காரரைத் திட்டியிருக்கிறார்.

"முடிஞ்சுதா அத்தான்?" என்றான் மச்சான். "மணி மூணு ஆகுது. டீச்சர்கிட்ட என்ன சொல்லட்டும்? அவங்க அப்பா பத்தி ஒண்ணும் இல்லைன்னு சொல்லிடவா?"

சொல்லிவிடலாம். படித்துப் பார்த்தும் மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. பிளைவுட்டைத் திரும்ப அடித்துவிட்டால் இன்னொரு நூறு வருடத்துக்கு யாரும் திறக்கப்போவதில்லை. டீச்சரிடம் அந்த வரியைப் பெருந்தன்மையாக எடுத்துவிடுவதாகச் சொன்னால், தன் பெயரும் பிழைக்கும், நல்லவன் என்ற பெயரும் சேரும். காதுக்காரர் இதையெல்லாம் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நன்றாகவே யோசித்தார். சுத்தியலைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

'போன தடவை நான் வைத்த சுருதி தப்பு.' அந்த வரி கண் எதிரே இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்தார். வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன.

கண்காட்சி அறையில் குழுவினர் எட்டுப் பேரும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காதுக்காரர் யாரையும் பார்க்காமல் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார். வெல்வெட் துணியிலிருந்து இரும்புக்கட்டியை எடுத்தார். 'நங்கூரத்தின் புனித எச்சம்' என்ற சீட்டு துணியோடு கீழே விழுந்தது. கட்டியைத் திருப்பினார். அடியில் வெள்ளை பெயின்டில் நாலு என்று எழுதியிருந்தது.

"அத்தான், அது கண்காட்சிப் பொருள்" என்றான் ஓடி வந்த மச்சான்.

"ஆமாம். நான்தான் கண்காட்சி. வழியை விடு."

குனிந்து நுழைந்து, ஐந்து கட்டிகளையும் மூன்று மூன்றாக இரண்டு வரிசைக்கு இடம் விட்டு நகர்த்தி, ஆறாவதை அதன் இடத்தில் வைத்தார். துருத்தி ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. மேலே குரல் கொடுத்தார்: "டீச்சர், ஏதாவது வாசிங்க. கால்கட்டையும் சேர்த்து."

மேலே அவள் ஒரு பாட்டைத் தொடங்கினாள். முதல் அடியிலேயே அடிக்குரல் கைக்கு முன்னால் முந்திக்கொண்டு வந்து விழுந்தது. தரைப்பலகை அதிர்ந்தது. இரண்டாவது அடியிலும் அப்படியே முந்தியது. டீச்சர் நிறுத்திவிட்டாள்.

காதுக்காரருக்கு அந்த இடத்தில்தான் முழுசாகப் புரிந்தது. இத்தனை வருடமும் அவள் இடது காலை ஒரு கணம் முன்னதாகவே வைத்துப் பழகியிருக்கிறாள். தாமதமாகப் பேசுகிற குழலுக்காக, ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு பாட்டிலும், யாரிடமும் சொல்லாமல். இப்போது குழல் உடனே பேசுகிறது, கால் மட்டும் பழைய வழக்கத்தில் முந்துகிறது. போதாததற்கு, உலோக நாக்கு அதிர்ந்து பாடும் நாக்குக் குழல்கள் காற்று ஏறியும் இருந்த சுருதியிலேயே நிற்க, மற்றவை சுருதி ஏறி அவற்றோடு மல்லுக்கு நின்றன. அவர் செய்த வேலையெல்லாம் ஒரு கட்டி ஏறினதும் பல்லிளித்துவிட்டது.

டீச்சர் படி இறங்கி வந்து அறை வாசலில் குனிந்து நின்றாள். "என்ன பண்ணீங்க?"

"உங்க அப்பா செஞ்சதைத் திரும்ப வச்சேன்" என்றார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார். தோல் சுருள், கதவு, கட்டி, வர்ணம், பிளைவுட். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மை வந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட வரிவரை மெல்லப் போனாள்.

"இதைப் பிளைவுட்டால மூடிட்டு" என்றாள், "என் எதிர்லயே அந்தப் பென்சில் ஜோக்கைச் சொல்லிட்டிருந்தீங்க."

"ஆமாம்மா."

அவள் பரவாயில்லை என்று சொல்வாள் என்று மச்சான் எதிர்பார்த்தான். காதுக்காரரும் கொஞ்சம் எதிர்பார்த்தார். அவள் சொல்லவில்லை.

"எழுதிக்கோ" என்றார் மச்சானிடம். "'அடிக்குரல் கெட்டது இப்போதைய பராமரிப்பாளரால். துருத்தியின் ஆறு கட்டிகளில் ஒன்றை அவர் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மறந்துபோனார். இருபத்திரண்டு வருடம் பழியை முன்னவர் மேல் போட்டார்.' என் பேரை முழுசாப் போடு."

"அத்தான், அக்கா என்னைக் கொன்னுடுவா." மச்சான் பேனாவைத் திறந்து கொஞ்சம் யோசித்தான். "அப்ப நங்கூரம் படத்தை எடுத்துடணுமா? முழுப் பக்கம் அத்தான் அது."

அவன் எழுதிக்கொண்டு, எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டு, அச்சகத்துக்கு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அறுநூற்றுப் பதினொன்றையும் திரும்பச் சேர்க்க வேண்டும். காதுக்காரர் பெட்டியின் அடியில் கைவிட்டுத் துழாவி, அந்தக் கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்தார். அதைச் சுற்றியிருந்த காகிதம் வாங்கின அன்று இருந்தபடியே இருந்தது. தண்ணீர் ஊற்றித் துருத்தியில் பொருத்தி அளந்தார். அளவைச் சட்டைப்பையிலிருந்த சீட்டில் குறிக்கப் போனவர், நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். கட்டம் போட்ட வரிக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது.

"ஒரு பென்சில் இருக்கா?" என்று கேட்டார்.

டீச்சர் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் மண்டியிட்டு எழுதினார்: 'ஒரு கட்டியை எடுத்தேன். திரும்ப வைக்கவில்லை. தப்பு என்னுடையது.' எழுதிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"தேதி" என்றாள் டீச்சர். "தேதி போடாம அப்பா ஒண்ணும் எழுத மாட்டார்."

அவர் அன்றைய தேதியைப் போடக் குனிந்தார்.

"இன்னைக்குத் தேதி இல்லை சார். எடுத்த தேதி."

எடுத்த தேதி எது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்த பிளைவுட்டில், அவர் பெயருக்குக் கீழே, ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பு பெயின்டில் இருந்தது. காதுக்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினார்.